பிக்கப் வண்டியில் பெட்ரோல் வாடை: எப்போது அடிக்கிறது என்று முதலில் பாருங்கள்

பெட்ரோல் வண்டி என்றால் லேசாகப் பெட்ரோல் வாடை அடிக்கத்தானே செய்யும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அடிக்கக் கூடாது. டேங்கிலிருந்து, இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை எல்லா இணைப்பும் மூடியே இருக்கும். டேங்கில் கிளம்பும் ஆவிகூட வெளியே போகாமல் கரி நிரப்பிய கேனிஸ்டரில் பிடிபட்டு, பிறகு இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். பெட்ரோல் போடும்போதும் போட்ட சில நிமிடங்களும் தவிர வேறு எப்போது வாடை வந்தாலும், எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது.

வாடையின் அளவை வைத்துக் கசிவின் அளவைக் கணிக்காதீர்கள். பெட்ரோல் துளி அளவு ஆவியானாலே மூக்கு பிடித்துவிடும். அதே மூக்கு சில நிமிடங்களில் அந்த வாடைக்குப் பழகி மரத்தும் போகும். வண்டியைச் சுற்றிச் சுற்றி முகர்ந்துகொண்டே இருந்தால் கடைசியில் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓர் இடத்தை முகர்ந்ததும் வெளிக்காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்து அடுத்த இடத்தைப் பாருங்கள்.

இனி பாதுகாப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை ஆவி கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பிவிடும் என்பதால், குளிர்தானே என்று அலட்சியம் வேண்டாம். சர்வீஸ் பள்ளத்துக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்யவே கூடாது. வண்டியைத் திறந்தவெளியில் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். குண்டு பல்பு விளக்கு வேண்டாம். அது உடைந்தால் அந்தச் சூடான இழையே போதும். எல்.இ.டி. டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் தீயை அணைக்கும் பவுடர் சிலிண்டர் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வண்டிக்கு அடியில் சொட்டுவது கண்ணுக்கே தெரிந்தால் ஸ்டார்ட் செய்து பார்ப்பது, ஓட்டிக்கொண்டே மெக்கானிக்கிடம் போவது எதுவும் வேண்டாம். கட்டி இழுத்துப் போங்கள்.

எப்போது அடிக்கிறது?

பார்ட்ஸை மாற்ற ஆரம்பிக்கும் முன் இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். பெட்ரோல் போட்ட அன்று மட்டும் வாடை, டேங்க் பாதிக்குக் கீழே வந்ததும் மறைந்துவிடுகிறது என்றால், கசிவு டேங்கின் மேல்பகுதியிலோ பெட்ரோல் ஊற்றும் குழாயிலோ இருக்கிறது. நிறைந்த டேங்கில் மட்டுமே பெட்ரோல் அந்த உயரத்தைத் தொடும். காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் அடித்து, சூடானதும் நின்றுவிட்டால் இன்ஜெக்டர் ஓ-ரிங்கையும் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ரப்பர் ஹோஸ் முனைகளையும் பாருங்கள். பழைய ரப்பர் குளிரில் சுருங்கி வழி விடும். சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். ஓட்டி வந்து நிறுத்திய அரைமணி நேரத்தில் வாடை வந்தால், சூட்டில் கிளம்பிய ஆவியைக் கேனிஸ்டர் பிடித்து வைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். கார்புரேட்டர் வண்டி என்றால் மிதவைத் தொட்டியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் இன்ஜின் சூட்டில் கொதிக்கிறது.

ஹீட்டரையோ ப்ளோயரையோ போட்டால் கேபினுக்குள் வாடை வருகிறது என்றால் கசிவு பானட்டுக்குள். வெளிக்காற்றை இழுக்கும் துவாரம் விண்ட்ஷீல்டின் அடியில், இன்ஜினுக்கு ஒட்டியே இருக்கிறது. காற்றை உள்சுழற்சிக்கு மாற்றியதும் வாடை குறைந்தால் இது ஏறக்குறைய உறுதி.

பிக்கப்புக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. ஓடும்போது கேபினின் பின்சுவருக்கும் லோடு பாடிக்கும் நடுவில் காற்றழுத்தம் குறையும். பின்பக்கக் கண்ணாடி கொஞ்சம் திறந்திருந்தாலும், அதன் ரப்பர் பீடிங் காய்ந்திருந்தாலும், பின்னால் உள்ள ஆவியும் புகையும் கேபினுக்குள் இழுபடும். பாடிக்கு மேல் கூண்டு போட்ட வண்டிகளில் இது இன்னும் அதிகம். அதனால் வாடை கேபினுக்குள் என்பதற்காகக் கசிவும் முன்னால்தான் என்று முடிவு கட்டாதீர்கள். பின்கண்ணாடியைச் சாத்தி ஒரு முறை, திறந்து ஒரு முறை ஓட்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

லோடு பாடியில் பெட்ரோல் கேன் ஏற்றும் பழக்கம் இருந்தால் முதலில் அதை இறக்கிவிட்டுப் பாருங்கள். மூடியின் வாஷர் போன ஒரு கேனுக்காகப் பாதி வண்டியைப் பிரித்துப் போட வேண்டியதில்லை. இன்னொன்று: பிளாஸ்டிக் லைனர் போட்ட பாடியில் கேனை வைத்தபடியே பெட்ரோல் நிரப்பாதீர்கள். லைனர் மின்னேற்றத்தைத் தரைக்குப் போகவிடாது. ஒரு சின்னப் பொறி கிளம்பினால் போதும். கேனைத் தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

டேங்கின் தலைப்பகுதி

பிக்கப் வண்டிகளில் வாடை என்று வந்தால் முதல் சந்தேகம் டேங்கின் மேல்பக்கம்தான். பெரும்பாலான பிக்கப்பில் பிளாஸ்டிக் டேங்க் சேஸிஸின் ஓரமாக, லோடு பாடிக்கு அடியில் இரண்டு இரும்புப் பட்டைகளில் தொங்கும். பம்ப், மிதவை, ஆவி வால்வு எல்லாம் அதன் தலையில். பாடியின் தரைக்கும் டேங்குக்கும் நடுவே உள்ள அந்தச் சந்தில் சேறும் தூசியும் ஈரமும் வருடக்கணக்கில் அப்பிக் கிடக்கும். கீழே படுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எலி கூடு கட்டுவதும் ஹோஸைக் கடிப்பதும் அங்கேதான்.

அங்கே கெடுவது என்னென்ன என்றால், பம்பின் மூடியில் உள்ள பிளாஸ்டிக் குழாய்முனை மயிரிழை அளவு விரிசல் விடும். மூடியில் இரும்பு பைப் இருந்தால் அடியோடு துருப்பிடித்து ஊசித்துளை விழும். பம்பைச் சுற்றியுள்ள லாக் ரிங் துருவேறி, அதன் அடியில் இருக்கும் பெரிய ஓ-ரிங் அமுக்கம் இழக்கும். பம்ப் மாற்றிய சில நாளில் வாடை ஆரம்பித்திருந்தால் அந்த ஓ-ரிங்தான்: பழையதையே திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது மடிந்து உட்கார்ந்திருக்கும்.

அடுத்து பெட்ரோல் ஊற்றும் குழாய். இதன் மேல்முனை லோடு பாடியில் திருகப்பட்டிருக்கும். கீழ்முனை சேஸிஸில் தொங்கும் டேங்கில். மேடுபள்ளத்தில் லோடோடு போகும்போது சேஸிஸ் ஒரு பக்கம் முறுக்கும், பாடி வேறு பக்கம் அசையும். அந்த அசைவை எல்லாம் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ்தான் வாங்கிக்கொள்கிறது. தடித்த ஹோஸ் ஒன்று பெட்ரோலுக்கு, மெல்லியது ஒன்று காற்று வெளியேற. இரண்டையும் கையால் வளைத்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வளைவின் உள்பக்கத்தில் பாளம் பாளமாக வெடித்திருக்கும். குழாய் இரும்பு என்றால் பின்சக்கரம் சேறு வாரியடிக்கும் பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். பெயின்டுக்கு அடியில் துருப்பொடிதான் மிச்சம் இருக்கும்.

டேங்கை இறக்குவதா, பாடியைத் தூக்குவதா? மேல்பக்க வேலைக்குப் பாடியைத் தூக்குவதே மேல். பெட்ரோல் ஒரு லிட்டர் சுமார் 0.74 கிலோ. எண்பது லிட்டர் நிறைந்த டேங்கில் பெட்ரோல் மட்டுமே 59 கிலோ, அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும் எடை. பாடியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு போல்ட்டுகள். முந்தின நாளே துரு எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். பின்விளக்கு வயர், எர்த் பட்டை, ஊற்றும் குழாயின் மேல்முனைத் திருகுகள் ஆகியவற்றைக் கழற்றிய பிறகே போல்ட்டில் கை வைக்க வேண்டும். முழுதாகத் தூக்க நாலு பேர் தேவை. ஆள் இல்லையென்றால் ஊற்றும் குழாய் உள்ள பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றி, மறுபக்கத்தைத் தளர்த்தி மட்டும் விட்டு, பாடியைச் சாய்த்து உயர்த்திக் கனமான மரக்கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கையை நுழைக்காதீர்கள்.

டேங்கை இறக்கியே ஆக வேண்டும் என்றால் கால் டேங்குக்குக் கீழே வரும்வரை ஓட்டித் தீர்த்துவிட்டுத் தொடங்குங்கள். அகலமான பலகை வைத்து ஜாக்கியில் தாங்கி, பட்டைகளைக் கழற்றி, ஒரு கை அளவு மட்டும் இறக்கி மேலே உள்ள இணைப்புகளை விடுவித்த பிறகு மீதியை இறக்கலாம்.

பம்ப் மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைப்பமும் காற்றும் கொண்டு முழுதாக எடுத்துவிட வேண்டும். இதில் அவசரப்பட்டால் மண் டேங்குக்குள் விழும், புதுப் பம்பின் வடிகட்டி அடைக்கும். லாக் ரிங்குக்கு அதற்கான சாவி நல்லது; இல்லையென்றால் பித்தளை உளி. இரும்பு உளியும் சுத்தியலும் பொறி பறக்கவிடும். ஓ-ரிங் எப்போதும் புதியதே. பெட்ரோலில் ஊறிய பழைய ரிங் உப்பியிருக்கும், கழற்றியதும் பள்ளத்தில் திரும்ப உட்காராது. சீலன்ட் பூசி ஒப்பேற்றுவதும் வேண்டாம். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் உப்பி உரிந்து வரும். மூடியில் உள்ள அம்புக்குறி டேங்கில் உள்ள குறியோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். திரும்பி உட்கார்ந்தால் மிதவைக் கை டேங்கின் சுவரில் இடித்து மீட்டர் தப்பாகக் காட்டும்.

விரிசல் விட்ட பிளாஸ்டிக் முனையைப் பசை போட்டு ஒட்டுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒட்டும், சில வாரம் தாங்கும், பிறகு விடும். அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிலையாகப் பிடிப்பதில்லை. மூடியோடு பம்ப் செட்டை மாற்றுவதுதான் வேலை. இரும்பு டேங்கில் வெல்டிங் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, ஏனென்றால் உள்ளே முழுக்க ஆவி.

கேனிஸ்டரும் அதன் இரண்டு வால்வுகளும்

செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால், வண்டியின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைப் போடுங்கள். பி0455 என்றால் பெரிய ஆவிக் கசிவு, பி0442 சின்னது, பி0456 மிகச் சின்னது. கடைசியானது அரை மில்லிமீட்டர் துளையைக்கூடக் கண்டுபிடிக்கும். பி0457 வந்தால் பெட்ரோல் மூடி. மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்போ ஆழமான தடமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். செலவில்லாத வேலை, அதனால் எந்தக் கோளாறு எண் வந்தாலும் இதை முதலில் முடித்துவிடுவது நல்லது.

கேனிஸ்டரில் இரண்டு வால்வு. இன்ஜின் பக்கம் உள்ள பர்ஜ் வால்வு கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும். வெளிக்காற்றுப் பக்கம் உள்ள வென்ட் வால்வு கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் சோதனை எளிது. சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பர்ஜ் வால்வின் வயர் பிளக்கைக் கழற்றி, கேனிஸ்டர் பக்க ஹோஸையும் கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். இழுக்கக் கூடாது. இழுத்தால் வால்வு மூடவில்லை. பெட்ரோல் போட்ட கையோடு வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறினால் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான்: டேங்கின் ஆவி கட்டுப்பாடில்லாமல் இன்ஜினுக்குள் போய்க் கலவையில் பெட்ரோலை அதிகமாக்குகிறது.

வென்ட் வால்வின் கதை வேறு. பிக்கப்பில் இது பெரும்பாலும் டேங்குக்குப் பக்கத்தில் சேஸிஸில் இருக்கும், மண்சாலைத் தூசி முழுக்க அதன் வாயில். அடைத்துக்கொண்டால் டேங்கில் உள்ள காற்று வெளியேற வழியில்லாமல், பெட்ரோல் போடும்போது நாசில் மறுபடி மறுபடி கட் ஆகும். நாசில் முதல் முறை கட் ஆன பிறகும் அமுக்கி அமுக்கி வாய்வரை ஊற்றும் பழக்கம் இதைவிட மோசம். அந்த அதிகப்படி பெட்ரோல் திரவமாகவே கேனிஸ்டருக்குள் இறங்கும். கரி ஆவியைத்தான் பிடிக்கும், திரவத்தில் நனைந்தால் அவ்வளவுதான். அப்படி நனைந்த கேனிஸ்டரைக் கழற்றிக் கையில் எடுத்தால் கனக்கும், ஆட்டினால் உள்ளே தளும்பும். கரித்தூள் ஹோஸ் வழியாகப் பர்ஜ் வால்வில் வந்து சேர்ந்திருந்தால் கேனிஸ்டரும் வால்வும் சேர்ந்தே மாற வேண்டும். கேனிஸ்டரை மட்டும் மாற்றி, தூள் கிடக்கும் குழாயை ஊதிச் சுத்தம் செய்யாமல் விட்டால் புது வால்வும் கெடும்.

எங்கே கசிகிறது என்று கண்ணால் பார்க்கப் புகை மெஷினே சரியான வழி. பெட்ரோல் மூடியைப் போட்டு, ஸ்கேனரால் வென்ட் வால்வை மூட வைத்து, புகையை உள்ளே விட வேண்டும். அழுத்தம் அரை பி.எஸ்.ஐ.யைத் (டயர் காற்றை அளக்கும் அதே அளவு) தாண்டக் கூடாது. சிலர் கம்ப்ரசர் காற்றைப் பிடித்து ஊதிவிடுகிறார்கள். அது டேங்க் அழுத்த சென்சாரை உடைக்கும், அதைவிட மோசமாக டேங்குக்குள் காற்றும் ஆவியும் பற்றக்கூடிய விகிதத்தில் கலந்துவிடும்.

பானட்டுக்குள்

போர்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளில் (காற்று நுழையும் வழியில் பெட்ரோல் பீய்ச்சும் ரகம்) ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரிக்கும் குழாயில், 35 முதல் 65 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் இருக்கும். எதைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் அதை இறக்க வேண்டும்: பேட்டரியைக் கழற்றும் முன்பே பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, இன்னும் ஒரு முறை செல்ஃப் அடியுங்கள். அதன் பிறகும் இணைப்பைத் துணி சுற்றியே கழற்றுங்கள். கொஞ்சம் பீய்ச்சத்தான் செய்யும். பானட்டுக்குள்ளேயே சொட்டுவதாக இருந்தால் ஓடவிடுவது கூடாது. கெட்டியான துணியைச் சுற்றி ரெயிலின் சோதனை வால்வு வழியாக மெதுவாக விடுங்கள். டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியின் (பெட்ரோலை நேராக எரியும் அறைக்குள் பீய்ச்சும் ரகம்) உயரழுத்தப் பக்கத்தில் இதைப்போலப் பல மடங்கு அழுத்தம். பல மாடல்களில் அந்த ஸ்டீல் குழாய்களை ஒரு முறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். மேனுவல் கையில் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

கசிந்து காய்ந்த பெட்ரோல் பழுப்புக் கறை விடும். தூசி படிந்த இன்ஜினில் ஓர் இடம் மட்டும் கழுவிவிட்டாற்போல் பளிச்சென்று இருந்தால் அங்கே பாருங்கள். சந்தேகமான இணைப்பைத் துடைத்துக் காயவிட்டு, முகப்பவுடர் தூவி, சாவியை ஆன் செய்து பம்பை ஓடவிட்டால் ஈரம் பட்ட கோடு தெளிவாகத் தெரியும். இன்ஜெக்டரின் மேல் ஓ-ரிங்தான் பெட்ரோலைத் தாங்குவது. கீழ் ஓ-ரிங் போனால் காற்று உள்ளே போகுமே தவிரப் பெட்ரோல் வெளியே வராது. ஒன்றைக் கழற்றினால் எல்லா இன்ஜெக்டருக்கும் ஓ-ரிங் மாற்றிவிடுங்கள், புதியதில் சுத்தமான இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு தடவி நேராக இறக்குங்கள். உலர்ந்தபடி அமுக்கினால் விளிம்பு அறுபடும்.

பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் வேக்கம் ஹோஸ் உள்ள வண்டி என்றால் அந்த ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் உள்ளே உள்ள டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போகிறது. டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் மூடாத இன்ஜெக்டரோ, கிழிந்த ரெகுலேட்டரோ, டைரக்ட் இன்ஜெக்ஷனில் உயரழுத்த பம்பின் சீலோ காரணம். இந்த நிலையில் ஓட்டினால் நீர்த்த ஆயிலில் பேரிங் போகும். கோளாறைச் சரிசெய்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும்.

எதுவும் ஈரமாக இல்லை, சைலன்சர் புகையில்தான் வாடை என்றால் ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம், அதாவது பெட்ரோலை வண்டி எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கைப் பாருங்கள். மைனஸ் பத்து சதவீதத்தைத் தாண்டி இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. பர்ஜ் ஹோஸை அடைத்ததும் ட்ரிம் பூஜ்யத்தை நோக்கி வந்தால் கோளாறு பர்ஜ் வால்வில். வரவில்லை என்றால் இன்ஜெக்டர், ரெகுலேட்டர், சென்சார் பக்கம் போங்கள்.

ஹோஸும் லைனும்

ரப்பர் ஹோஸ் என்று கேட்டு வாங்கிவிட முடியாது. இன்ஜெக்ஷன் வண்டிக்கு ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆர்7 என்பது கார்புரேட்டரின் குறைந்த அழுத்தத்துக்கானது. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் ஹோஸுக்கு ஆர்10தான். ஆர்9 உள்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும், வெளிப்பக்கம் ஊறிப் பிய்ந்துவிடும். கிளாம்ப்பில் துளை வரிசை உள்ள சாதாரண ரகம் ரப்பரை வெட்டும். விளிம்பு மடித்த, உள்பக்கம் வழுவழுப்பான இன்ஜெக்ஷன் கிளாம்ப் வாங்குங்கள்.

சேஸிஸ் ஓரமாக ஓடும் ஸ்டீல் லைன் துருப்பிடிப்பது பெரும்பாலும் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில், சேறு தங்கும் என்பதால். துண்டு வெட்டி ரப்பரால் ஒட்டுப் போடுவது இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு ஆகாது. வழுக்கலான பைப் முனையிலிருந்து ஹோஸ் கழன்று வரும். நிக்கல்-காப்பர் பைப்பில் டபுள் ஃபிளேர் (முனையை இரட்டையாக மடித்து விரிப்பது) போட்டோ, கம்பெனி நைலான் லைனையோ முழு நீளத்துக்கு மாற்றுங்கள். ஒரு கிளிப்பில் துருவென்றால் அடுத்த கிளிப்பிலும் துருதான். குயிக் கனெக்ட் இணைப்பைக் கிளிக் சத்தம் வரும்வரை அமுக்கி, பிறகு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கிளிக் கேட்டும் உட்காராத இணைப்புகள் உண்டு.

எல்லாம் பூட்டிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை ஆன் செய்து, பம்ப் ஓடும் அந்த இரண்டு விநாடி கழிந்ததும் ஆஃப் செய்யுங்கள். இதை நாலைந்து முறை செய்து அழுத்தத்தை ஏற்றி, தொட்ட இடம் ஒவ்வொன்றையும் டார்ச்சால் பாருங்கள். காய்ந்திருந்தால் ஸ்டார்ட், ஐடிலில் பத்து நிமிடம், மறுபடி ஒரு பார்வை. டேங்கின் தலையில் செய்த வேலை என்றால் நாசில் தானாகக் கட் ஆகும்வரை பெட்ரோல் நிரப்பி, ஓர் இரவு நிறுத்திப் பார்த்த பிறகே பாடி போல்ட்டுகளை முழுதாக இறுக்குங்கள். ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்ததும் விளக்கு அணையும், ஆனால் ஆவிச் சோதனை முடிந்தது என்று அர்த்தமில்லை. பல வண்டிகள் டேங்க் 15 முதல் 85 சதவீதம் வரை இருந்து, இரவு முழுக்க ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்தால்தான் அந்தச் சோதனையை ஓட்டும். நிறைந்த டேங்கோடு ஒரு வாரம் சுற்றிக்கொண்டிருந்தால் கோளாறு எண் திரும்ப வருமா வராதா என்பதே தெரியாது.

கசிவு நின்ற பிறகும் கேபினில் மட்டும் வாடை ஒட்டிக்கொண்டிருந்தால் தரைவிரிப்புக்கு அடியில் உள்ள பஞ்சு மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். வெயிலில் கதவுகளைத் திறந்து வைத்து மெத்தையை வெளியே எடுத்துக் காயவிட்டு, சமையல் சோடா தூவி ஓர் இரவு விட்டு வாக்யூம் செய்தால் பெரும்பாலும் போய்விடும். வாக்யூம் கிளீனரை ஈரம் இருக்கும்போது போடாதீர்கள், அதன் மோட்டாரிலும் பொறி உண்டு. பெட்ரோலில் நிறைய நனைந்த மெத்தை என்றால் கழுவிக்கொண்டிருக்காமல் புதிது போட்டுவிடுங்கள்.